ஆடியது நட்சத்திரமா, லென்ஸா?

போன வாரம் கம்ப்யூட்டரில் பழைய படங்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு படங்கள் அகப்பட்டன. ஒன்று 2021 ஜூனில் எடுத்தது, மற்றது 2024 ஜூனில். இரண்டும் என்னுடைய ஆறு அங்குலத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி எடுத்தவை, இரண்டிலும் வானத்தின் அதே துண்டுதான். பார்ப்பவர்களுக்குக் கறுப்புத் துணியில் உப்பைச் சிந்தியது போலத்தான் தெரியும். ஆனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே ஒரு புள்ளி மட்டும் வடக்குப் பக்கமாக ஒரு தாவு தாவும். பதினைந்து பிக்சல். அதுதான் பர்னார்ட் நட்சத்திரம்.

நட்சத்திரங்கள் நகரும் என்று படித்திருப்போம், ஆனால் நம் ஆயுசில் அதை நம் கண்ணால் பார்க்க முடியும் என்று யாரும் நினைப்பதில்லை. இது மட்டும் விதிவிலக்கு. ஒரு பாகையை அறுபதாக வகுத்தால் ஒரு கலை, அதை மறுபடி அறுபதாக வகுத்தால் ஒரு விகலை. இந்த நட்சத்திரம் வருடத்துக்கு 10.3 விகலை நகர்கிறது. சின்னக் கணக்குதான், ஆனால் வானத்தில் வேறு எந்த நட்சத்திரமும் இவ்வளவு வேகமாக இடம் மாறுவதில்லை, 180 வருடம் போனால் கிட்டத்தட்ட முழுநிலவின் அகலத்தையே கடந்துவிடும். 1916-இல் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் பழைய போட்டோ தகட்டையும் (பிலிமுக்குப் பதில் கண்ணாடியில் பதித்த படம்) புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். ஒன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குப் போன ஏழைப் பையன் அவர், அதனாலோ என்னவோ தகடுகளைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு கண்.

இருப்பது ஓபியூக்கஸ் மண்டலத்தில், பாம்பைக் கையில் பிடித்து நிற்கும் ஆள் என்று கிரேக்கர்கள் கற்பனை செய்த இடம். தூரம் 5.96 ஒளியாண்டு. ஆல்ஃபா சென்டாரியின் மூன்று நட்சத்திரங்களை விட்டால் சூரியனுக்கு அடுத்தபடி நெருக்கமானது இதுதான். அவ்வளவு கிட்ட இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் இது சிவப்புக் குள்ளன். சூரியனில் ஆறில் ஒரு பங்கு நிறை, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான விட்டம், ஒளியோ அரை சதவீதம்கூடத் தேறாது. வயது மட்டும் சூரியனைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு. தொலைநோக்கியில் பார்த்தால் மங்கலான ஆரஞ்சுப் பொட்டு, அதுவும் ஆரஞ்சு என்று நாம் சொல்லிக்கொண்டால்தான். முதல் முறை நான் பக்கத்து நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பரவசப்பட்டிருக்கிறேன்.

சரி, நான் சொல்ல வந்தது அதன் துணையைப் பற்றி. இந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஏதோ இருக்கிறது என்று கிட்டத்தட்ட அறுபது வருடமாக ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அப்புறம் வேறு யாராவது வந்து இல்லை என்று சொல்வார்கள். வானியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான், பிடித்ததற்குக் காரணம் பீட்டர் வான் டி காம்ப் என்ற வானியலாளர்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கோள் மட்டும் நட்சத்திரத்தைச் சுற்றுவதில்லை, இரண்டும் சேர்ந்து ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. அதனால் நட்சத்திரம் நேர்கோட்டில் போகாமல் கொஞ்சம் வளைந்து நெளிந்து போகும், குடித்தவன் நடையைப் போல. அந்தத் தள்ளாட்டத்தை அளந்தால், இழுப்பவன் கண்ணில் படாவிட்டாலும் அவனுடைய எடை தெரிந்துவிடும். இது குருட்டு நம்பிக்கை இல்லை, பலித்த வித்தை. சிரியஸ் தள்ளாடுவதைப் பார்த்து 1844-இல் பெசல் அதற்கு ஒரு துணை உண்டு என்றார், 1862-இல் ஆல்வன் கிளார்க் அதை நேரிலேயே பார்த்துவிட்டார். ராஸ் 614 என்ற சிவப்புக் குள்ளனுக்கும் அப்படித்தான். வான் டி காம்ப் இயக்குநராக இருந்த அதே ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் சாரா லிப்பின்காட் கணக்குப் போட்டுச் சொன்னதை வைத்து 1955-இல் வால்டர் பாடே பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினார், துணை அங்கே இருந்தது.

பலிக்காத பட்டியலும் உண்டு. அதில் முதல் வரிசையில் இருப்பது இதே ஓபியூக்கஸ் மண்டலத்தைச் சேர்ந்த 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம். 1855-இல் கேப்டன் ஜேக்கப் என்பவர் அதன் ஓட்டத்தில் பிசகு இருக்கிறது, அநேகமாக ஒரு கோள் இருக்க வேண்டும் என்று எழுதினார். எழுதிய இடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானாய்வகம். கோள் என்று சொல்லப்பட்டது அப்புறம் ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்தப் பாம்புக்காரன் மண்டலத்துக்கு இதே வேலைதான் போல.

வான் டி காம்ப் நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். பியானோ வாசிப்பார், வயோலா வாசிப்பார், இசைக்குழுவை நடத்துவார், சாப்ளின் படங்கள் என்றால் உயிர். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் இருந்த 24 அங்குல லென்ஸ் தொலைநோக்கியை வைத்து 1938-இல் பர்னார்ட் நட்சத்திரத்தைப் படமெடுக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. வருடா வருடம் தகடு தகடாகச் சேர்ந்தது, இருபத்தைந்து வருடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். 1963-இல் அறிவித்தார்: நட்சத்திரம் தள்ளாடுகிறது, வியாழனைப்போல 1.6 மடங்கு நிறையுள்ள ஒரு கோள் 24 வருடத்துக்கு ஒரு முறை அதைச் சுற்றுகிறது. 1969-இல் கணக்கைத் திருத்தி, ஒன்றல்ல இரண்டு, 26 வருடத்துக்கு ஒன்று, 12 வருடத்துக்கு ஒன்று என்றார். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதற்கு அன்றைக்கு இருந்த ஒரே உருப்படியான ஆதாரம் இதுதான் என்பதால் உலகமே ஏற்றுக்கொண்டது, பாடப்புத்தகங்களில்கூட ஏறியது. எழுபதுகளில் பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் டீடலஸ் என்ற ஆளில்லா விண்கலத்தைத் தாளில் வடிவமைத்தபோது அதை அனுப்ப நினைத்த இடமும் இந்த நட்சத்திரம்தான், ஒளியின் வேகத்தில் 12 சதவீதத்தில் போனால் ஐம்பது வருடப் பயணம்.

இப்போது அந்தத் தகட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவருடைய தொலைநோக்கியில் தகட்டின் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் கிட்டத்தட்ட 19 விகலை. ஆக, பர்னார்ட் நட்சத்திரம் வருடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தகட்டில் நகரும். அதைப் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிடலாம். ஆனால் அவர் சொன்ன தள்ளாட்டம் 0.0245 விகலை. தகட்டில் அது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்து அதில் ஒன்றைக் காட்டிலும் கொஞ்சம் கூட, அதாவது ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இத்தனைக்கும் தகட்டில் நட்சத்திரம் விழுந்திருப்பது ஊசிமுனைப் புள்ளியாக இல்லை, காற்று அலைந்ததில் மசமசவென்று பரவிய ஒரு கறை. அந்தக் கறையின் நடு எங்கே என்று ஒரு ஆள் கண்ணை வைத்துப் பார்த்து, திருகைத் திருகி, எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தகட்டில் இது நடக்காத காரியம், அதனால்தான் அவர் வருடத்துக்கு நூறு தகடு எடுத்து, பலரை வைத்து அளந்து, சராசரி பார்த்தார். கூட்டிக் கழித்தால் சில்லறைப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. சரியான நம்பிக்கைதான், பிழைகள் எல்லாம் ஒரே திசையில் தள்ளாத வரைக்கும்.

1973-இல் ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் வேறு வானாய்வகங்களின் தகடுகளை எடுத்து, மனிதக் கண்ணுக்குப் பதிலாக இயந்திரத்தில் அளந்து பார்த்தார்கள். தள்ளாட்டம் எதுவும் இல்லை. இது அடி என்றால், அதே வருடம் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே விழுந்தது இன்னொரு அடி. ஸ்ப்ரௌலிலேயே இருந்த ஜான் ஹெர்ஷி, அதே தொலைநோக்கியில் எடுத்த வேறு நட்சத்திரங்களின் தகடுகளைப் பார்த்தார். க்ளீஸ 793 என்று ஒரு குள்ளன், பர்னார்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. அதுவும் 1949-இல் ஒரு குதி குதிக்கிறது, 1957-இல் இன்னொன்று. பர்னார்ட் நட்சத்திரம் குதித்ததும் அப்போதேதான். தொலைநோக்கியின் பராமரிப்புக் குறிப்பைப் புரட்டினால் 1949-இல் பெரிய லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், 1957-இல் லென்ஸைச் சரிசெய்திருக்கிறார்கள். தள்ளாடியது நட்சத்திரம் இல்லை, லென்ஸ்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. என் இரண்டு படங்களை ஒப்பிட்ட அன்றைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்தில் இருந்த ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை மட்டும் ஆணி அடித்தாற்போல வைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் பொருத்தினேன். பர்னார்ட் நட்சத்திரம் தாவியது, சந்தோஷம். கூடவே எதிர்ப் பக்க ஓரத்தில் இன்னொரு புள்ளியும் நகர்ந்தது. அடடா, இன்னொரு வேக நட்சத்திரம்! பட்டியல்களைத் தேடினேன், அந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. பட்டியலிலேயே இல்லாத ஒன்றா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போயிற்று. காலையில் நிதானமாகப் பார்த்தால் அந்த ஓரத்தில் இருந்த எல்லாமே நகர்ந்திருந்தன, நான் அந்த ஒன்றை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து கேமராவை மாட்டும்போது ஒரு பாகை அளவு திருகலாக மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆணி அடித்த இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகப் பிசகு பெரிதாகும், எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வடிவகணிதம். அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் நிறையவற்றை வைத்து மறுபடி பொருத்தியபோது அந்தப் புது நட்சத்திரம் அசையாமல் நின்றது. எனக்கு ஒரு ராத்திரியில் தெளிந்துவிட்டது, வான் டி காம்புக்கு அந்த நட்சத்திரத்தில் ஏற்கெனவே முப்பத்தைந்து வருடம் போயிருந்தது.

அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. 1949-க்கு முந்தைய தகடுகளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டு, அப்போதும் கோள் வருகிறது என்றார். 1982-இல்கூட இரண்டு கோள் உண்டு என்று கட்டுரை எழுதினார். அவருக்குப் பின் ஸ்ப்ரௌலுக்கு வந்த வுல்ஃப் ஹைன்ட்ஸ் எழுபதுகளிலிருந்தே மறுத்து எழுத, இருவருக்கும் பேச்சுவார்த்தை கெட்டுப்போயிற்று. பிடிவாதம் என்று சொல்வது சுலபம். ஆனால் தொலைநோக்கியைத் தொட்டுப் பழகிய ஒருவர், லென்ஸின் சட்டத்தை மாற்றிய அன்றைக்கு அங்கேயே இருந்தவர், அந்தத் திருத்தத்தைக் கணக்கில் எடுத்துவிட்டேன் என்று நினைப்பதில் எனக்கு வியப்பில்லை. 1995 மே மாதம் இறந்தார். அதே வருடம் அக்டோபரில் 51 பெகாசி என்ற நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதாக ஜெனீவாக்காரர்கள் அறிவித்தார்கள், அது நின்றது. ஐந்து மாதம் பொறுத்திருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஜெனீவாக்காரர்கள் பிடித்தது வேறு வழி. பக்கவாட்டுத் தள்ளாட்டத்தை விட்டுவிட்டு, நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக ஆடுவதை ஒளியின் நிறமாலையில் டாப்ளர் விளைவு மூலம் அளப்பது, கிட்ட வந்தால் ஒளி கொஞ்சம் நீலத்தின் பக்கம் சாயும், விலகினால் சிவப்பின் பக்கம். பர்னார்ட் நட்சத்திரத்துக்கும் இதைச் செய்தார்கள், வருடக்கணக்கில், ஏழெட்டுக் கருவிகளில். 2018 நவம்பரில் இக்னாசி ரிபாஸ் குழு நேச்சர் இதழில் எழுதியது: 771 அளவீடுகள், 233 நாளுக்கு ஒரு சுற்று, பூமியைப்போல குறைந்தது 3.2 மடங்கு நிறை. நட்சத்திரத்தின் ஆட்டம் வினாடிக்கு 1.2 மீட்டர், நாம் சாவகாசமாக நடக்கும் வேகம். நானும் அன்றைக்குக் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன்.

2021-இல் அதுவும் போயிற்று. போன விதம்தான் அழகு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்த நட்சத்திரம் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாள் எடுத்துக்கொள்கிறது. அதன் முகத்தில் புள்ளிகள் உண்டு, கிழட்டுக் குள்ளனுக்கும் அம்மைத் தழும்பு போகவில்லை. புள்ளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது நட்சத்திரமே அசைவது போல நிறமாலை ஏமாற்றும். சரி, 145-க்கும் 233-க்கும் என்ன சம்பந்தம்? 145 நாள் என்றால் வருடத்துக்கு இரண்டரைச் சுற்று. 233 நாள் என்றால் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. நாம் இந்த நட்சத்திரத்தை வருடம் முழுக்கப் பார்க்க முடிவதில்லை, டிசம்பரில் சூரியன் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், நல்ல அளவீடுகள் எல்லாம் வருடா வருடம் அதே மாதங்களில்தான் குவியும். அதே மாதத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பவனுக்கு நடுவில் ஒரு சுற்று கூடுதலாகப் போயிருந்தாலும் தெரியாது. சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கண்கட்டு. நட்சத்திரத்தின் சுழற்சியும் பூமியின் வருடமும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் அந்த 233 நாள் கோள் என்று ஜாக் லூபின் குழு காட்டியது. முதல் தடவை ஆடியது லென்ஸ், இரண்டாம் தடவை ஆடியதில் பாதி நாம்தான், சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் நாம்.

இப்படி இரண்டு முறை சூடுபட்ட பிறகு, 2024 அக்டோபரில் மறுபடி ஒரு கோள் என்று செய்தி வந்தபோது பாதி மனதோடுதான் படித்தேன். சிலியில் பரனால் மலையில் இருக்கும் எஸ்பிரெஸோ என்ற கருவியில் ஹோனே கொன்சாலேஸ் எர்னாந்தெஸ் குழு கண்டது: 3.15 நாளுக்கு ஒரு சுற்று, பூமியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் நிறை. நட்சத்திரத்தின் ஆட்டம் வினாடிக்கு 55 சென்டிமீட்டர், தவழும் குழந்தையின் வேகம் இருக்கலாம். இந்த நட்சத்திரம் நம்மை நோக்கி வினாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள், அந்தப் பாய்ச்சலுக்குள் ஒரு தவழலைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பழைய 233 நாள் கோளின் தடயம் எதுவும் அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

2025 மார்ச்சில் ஹவாயில் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியில் மாட்டியிருக்கும் மரூன்-எக்ஸ் கருவியை வைத்து ரித்விக் பசந்த் குழு எழுதிய கட்டுரை வந்தது. நான்குமே உண்டு. 2.34 நாள், 3.15 நாள், 4.12 நாள், 6.74 நாள். கடைசியானது நட்சத்திரத்தை வினாடிக்கு வெறும் 22 சென்டிமீட்டர் அசைக்கிறது, அதன் நிறை பூமியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது, செவ்வாயைப்போல இரண்டு மடங்குக்கும் குறைவு. இந்த முறை நான் நம்புகிறேன். எண்ணிக்கை நான்கு என்பதாலோ கருவி புதிது என்பதாலோ இல்லை. வேறு மலை, வேறு கண்ணாடி, வேறு ஆட்கள், ஆனாலும் அதே நாட்கணக்கு வந்திருக்கிறது. வான் டி காம்புக்குக் கிடைக்காதது அதுதான். இரண்டு லென்ஸ் ஒரே நாளில் ஒரே மாதிரி ஆடாது.

ஆனால் என்ன கோள்கள் இவை! 3.15 நாள் கோள் தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 34 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது, பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப்போல ஒன்பது மடங்குதான். குள்ளன் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இவ்வளவு ஒட்டி நின்றால் சுடும், 125 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்கிறார்கள். நான்கில் எதிலும் தண்ணீர் நிற்க வழியில்லை. வியாழன் அளவில் இரண்டு, வருடக்கணக்கில் ஒரு சுற்று என்று வான் டி காம்ப் தேடிய இடத்தில் கடைசியில் கிடைத்தது பூமியைவிடச் சிறிய நான்கு, எல்லாம் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடித்துவிடுபவை. அவருடைய தகட்டில் இவை நான்கும் சேர்ந்து ஆடினாலும் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விழுந்திருக்காது. அப்புறம் ஒன்று, இவற்றை இன்னும் யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் முகத்தைக் குறுக்கே கடப்பதாகவும் தெரியவில்லை, அதனால் நிழலும் விழாது. இன்றைக்கும் எல்லாம் இழுப்பை வைத்துச் சொல்லும் கணக்குதான், பெசல் சிரியஸுக்குச் சொன்னது போல.

என் தொலைநோக்கியில் இதில் எதுவும் ஆகப்போவதில்லை, அந்தப் பதினைந்து பிக்சல் தாவல் மட்டும்தான் எனக்கு. வரும் ஜூனில் மூன்றாவது படம் எடுக்க வேண்டும். செபால்ராய் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே போய் 66 ஓபியூக்கியைப் பிடித்துவிட்டால், அதற்குச் சற்று மேலே இருக்கும், இந்த முறை பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற மாட்டேன். கேமரா திருகாமல் இருக்க, மாட்டும் வளையத்திலும் குழாயிலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் தடிமனாகிவிட்டது, அரைப் பாகை இருக்கும்.